முறை வைத்துக் கொடுத்த மாத்திரை

தம்பி,

நேற்று நீ போனை வைத்த பிறகு, என்ன சொன்னான் என்று உன் அம்மா மூன்று தடவை கேட்டாள். வேலை அதிகமாம், சாப்பிட்டுவிட்டானாம் என்று சொல்லிச் சமாளித்தேன். மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது என்று நீ சொன்னதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஏன் நிறுத்தினாய் என்று கேட்டதற்கு, "கல்யாணத்துக்கு அப்புறம் ஒரே ரூம்ல எங்க ஒளிச்சு வெக்கிறதுப்பா" என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலையில் காப்பி குடித்த கையோடு உன் கல்லூரி நோட்டு ஒன்றில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ கட் பண்ணுவாய். எழுதினால் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லலாம், நீயும் குறுக்கே பேச முடியாது.

நேற்று நானாக உனக்குப் போன் செய்ததற்குக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை குத்தாலத்திலிருந்து சுகன்யா என்னிடம் பேசினாள். நிச்சயம் ஆன பிறகு அந்தப் பெண் என்னோடு தனியாகப் பேசியது அதுதான் முதல் தடவை. கும்பகோணத்தில் முகூர்த்தப் புடவை எடுக்கப் போன அன்று, கடைக்குள் நடந்துகொண்டிருந்த நீ திடீரென்று நின்று மேஜையைப் பிடித்துக்கொண்டாயாம். வேர்த்துக் கொட்டியதாம். தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது என்றாயாம். என்னவென்று கேட்டால் காலையில் சாப்பிடவில்லை என்றாயாம். "எனக்குப் பயமா இருக்கு மாமா. அவங்ககிட்ட கேட்டா சிரிச்சு மழுப்பிடறாங்க. உங்களை நம்பிக் கேக்குறேன். நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்கா?" என்றாள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஒண்ணுமில்லம்மா, பசி மயக்கமா இருக்கும்" என்றேன். சரிங்க மாமா என்று வைத்துவிட்டாள். அவள் நம்பினாளா என்று தெரியாது. அவ்வளவு சுலபமாக எனக்குப் பொய் வந்ததுதான் என்னைப் பயமுறுத்துகிறது. பழக்கமில்லாதவனுக்கு அப்படி வராது.

எனக்குப் பழக்கம் உண்டு. உன்னைக் கண்டிப்பதற்கு முன்னால் அதைத்தான் எழுத வேண்டும். உன் விஷயத்தில் நான் செய்த இரண்டு காரியங்கள் உனக்குத் தெரியாது. ஒன்று உன் அம்மாவுக்கும் தெரியாது. உனக்கு மாத்திரை எழுதித் தரும் டாக்டரம்மாவுக்குத் தெரியும், உன்னிடம் சொல்லச் சொன்னார், இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டு வருகிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் நான் லஸ்கர் வேலை பார்த்தவன். வாய்க்கால் தலைப்பில் ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும்தான் என் பிழைப்பு. தலைமடைக்காரன் இன்னும் திற என்று திட்டுவான், கடைமடைக்காரன் எனக்கு ஒரு சொட்டு வரவில்லை என்று திட்டுவான். இரண்டு பேரிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டு நின்றதில் ஒரு திமிர் வந்துவிட்டது எனக்கு. யாருக்கு எவ்வளவு விட வேண்டும், எப்போது அடைக்க வேண்டும் என்பது என்னைவிட எவனுக்கும் தெரியாது என்ற திமிர். மேல் அதிகாரி ஒன்று சொல்வார், நான் தலையை ஆட்டிவிட்டு எனக்குத் தோன்றியதைச் செய்வேன். பல வருஷம் அது சரியாகவும் வந்தது. அதுதான் கெடுத்தது.

நீ சென்னையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் பொங்கலுக்கு வந்தாயே, நினைவிருக்கிறதா. வந்த அன்றே வயலில் இறங்கி வரப்பு முழுக்கப் புல் செதுக்கினாய். மோட்டார் கொட்டகைக்கு வெள்ளையடித்தாய். நிற்காமல் பேசினாய், நிற்காமல் சிரித்தாய், மூன்று நாளில் ஒரு சோற்றுப் பருக்கை சரியாக உள்ளே போகவில்லை. உன் தாடை இறுகி இறுகி விடுவதை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா, டீக்கடையில் போய்ப் பெருமை பேசினேன். கம்ப்யூட்டர் வேலை பிள்ளையைச் சோம்பேறி ஆக்கிவிடும் என்றீர்களே, வந்து பாருங்கள் என்றேன். உன் அம்மா மட்டும் அடுப்படியில் நின்று, "கண்ணே சரியில்லைங்க, கருவிழி அகலமா இருக்கு" என்றாள். பிள்ளை சந்தோஷமாக இருந்தால் உனக்குப் பொறுக்காதே என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். வேலை முடிக்க வேண்டும் என்று ஆரம்பித்து, பிறகு சிநேகிதர்களோடு வார இறுதிக்கு என்று நீ விழுங்கிக்கொண்டிருந்த போதை மாத்திரைதான் அந்தச் சிரிப்பு என்பது எனக்கு எப்படித் தெரியும். தெரியாததற்கு நான் வருந்தவில்லை. தெரிந்தவள் சொன்னபோது வாயை அடைத்தேன், அதற்கு வருந்துகிறேன்.

ஆறு மாதம் கழித்து வேலையை விட்டுவிட்டு வந்தாய். சுவரைப் பார்த்துப் படுத்தாய். குளிக்கவில்லை, பேசவில்லை. உன்னைச் சோம்பேறி என்றேன், தண்டம் என்றேன். அந்த வார்த்தைகளை நீ மறந்திருந்தால் புண்ணியம், நான் மறக்கவில்லை. கடைசியில் உன் அம்மா அழுது அடம்பிடித்துத்தான் தஞ்சாவூரில் மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். நீ அவரிடம் துக்கத்தைச் சொன்னாய், சென்னையில் விழுங்கியதைச் சொல்லவில்லை. செரட்டோனின் என்று மூளையில் ஒன்று இருக்கிறது, அது சீராக நிற்க இந்த மாத்திரை உதவும், தினமும் காலையில் ஒன்று, ஒருநாள்கூட விடக் கூடாது, பலன் தெரிய சில வாரம் ஆகும் என்று சொல்லிக் கொடுத்தார். நான் வழக்கம்போலத் தலையை ஆட்டினேன்.

இப்போது முதல் விஷயம். அந்த மாத்திரையை நான் உனக்கு முறை வைத்துக் கொடுத்தேன், தம்பி. மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருஷம் வாய்க்காலுக்கு முறை வைப்போமே, ஐந்து நாள் திறப்பு, ஐந்து நாள் அடைப்பு, அப்படி. தினமும் தண்ணீர் கட்டினால் வேர் அழுகும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக இருந்தால்தான் பயிர் தேறும் என்பது வயலில் நான் கண்ட உண்மை. தினமும் போட்டால் உன் உடம்பு அதற்கே பழகி ஆயுசுக்கும் விடாது என்று டீக்கடையில் ஒருவர் வேறு சொன்னார். அட்டை என் கையில்தான் இருந்தது. நீ காப்பியோடு எதை நீட்டினாலும் பார்க்காமல் விழுங்கும் நிலையில் இருந்தாய். அடைப்பு நாட்களில், மூட்டு வலிக்கு நான் போடும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தேன். அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. இரண்டு மாதம் இப்படி ஓடியது. "எனக்கு ஒண்ணும் சரியாகலப்பா, இந்த மாத்திரையும் வேஸ்ட்" என்று நீ ஒருநாள் சொன்னாய். நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கை போன சமயத்தில்தான் உன் சென்னைச் சிநேகிதன் வந்தான். வந்தவனைக் குறை சொல்லி என் பாரத்தை இறக்கிக்கொள்ள நினைக்கவில்லை. பழைய சந்தோஷம் ஒருநாளாவது வேண்டும் என்று நீ அவனிடம் அதே போதை மாத்திரையைக் கேட்டு வாங்கினாய் என்று நீயே பிறகு சொன்னாய். அது என் கணக்கில் திறப்பு முறை ஓடிக்கொண்டிருந்த வாரம். காலையில் அதில் ஒன்றை விழுங்கினாய். ஒரு மணி நேரமாகியும் ஒன்றும் தெரியவில்லை, இன்னொன்று. அப்போதும் தெரியவில்லை, மூன்றாவது. பத்தரை மணிக்கு உன் அம்மா என்னை வாய்க்கால் கரையிலிருந்து ஓடிவரச் சொல்லி ஆள் விட்டாள். உன் உடம்பு அனலாகக் கொதித்தது, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது, கண் ஒரு நிலையில் நிற்கவில்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அதைக் கழற்றும்போது பையில் சின்ன பிளாஸ்டிக் உறை ஒன்று, அதற்குள் இளஞ்சிவப்பில் அரை மாத்திரை. நான் அதை எடுத்து வேட்டி மடியில் சொருகிக்கொண்டேன்.

இரண்டாவது விஷயம் அந்த உறை. தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்தோம். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, வேறு ஏதாவது மருந்து, மாத்திரை, போதை என்று எதையாவது சாப்பிட்டாரா என்பதுதான். அவருக்குப் பக்கத்தில் ஊசி போட நின்ற நர்ஸ் நம் தெற்குத் தெரு மணியத்தின் மகள் ரேவதி. அவளைப் பார்த்தேன். இவள் வழியாகத் திருத்துறைப்பூண்டி வரைக்கும் போய்விடும், நாளைக்கு இவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று ஓடியது புத்தி. நீ அங்கே துள்ளிக்கொண்டு கிடக்கிறாய், எனக்குப் பெண் தேடும் நினைப்பு. "ஒண்ணும் சாப்பிடலைங்க, காய்ச்சல்தாங்க" என்றேன். நம்பிக்கொண்டார்கள். மூளைக் காய்ச்சல் என்று நினைத்து அதற்கான மருந்து ஏறியது, முதுகில் நீர் எடுத்துச் சோதிக்கக் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். மூன்று மணி நேரம், தம்பி. மூன்று மணி நேரமும் அந்த உறை என் இடுப்பில் இருந்தது.

பிற்பகலில் இன்னொரு டாக்டர் வந்தார். உன் பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி ஒரு தள்ளுத் தள்ளினார். அவர் கையிலேயே அது தானாகத் துடித்துக்கொண்டிருந்தது, நிற்கவே இல்லை. அவர் முகம் மாறியது. மறுபடி என்னைக் கேட்டார். நான் மறுபடி இல்லை என்றேன். அவர் வெளியே போனதும் ரேவதி என் பக்கத்தில் வந்து, சத்தமே இல்லாமல் சொன்னாள். "சித்தப்பா, எங்க அண்ணன் இதே மாதிரி மாத்திரையில விழுந்தப்ப எங்கப்பாவும் இப்படித்தான் இல்லன்னாரு. ஊருக்கு மாரடைப்புன்னு சொன்னோம். நீங்க சொல்லிடுங்க." அவள் அண்ணன் திருப்பூரில் வேலை பார்த்த இடத்தில் செத்துப்போனதற்கு நான் பாடைக்குப் பின்னால் நடந்தவன். மாரடைப்பு என்று நானும் நாலு பேருக்குச் சொன்னவன். மடியிலிருந்து உறையை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் ஓடினாள். அதற்குப் பிறகுதான் சரியான வைத்தியம் தொடங்கியது. உடம்பைக் குளிரவைத்தார்கள், துடிப்பு அடங்க ஊசி போட்டார்கள். மறுநாள் மத்தியானம் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாய். ரேவதி அதன் பிறகு ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. டெங்கு என்று ஊருக்குச் சொன்னது நாம்தான். இல்லாத டெங்குவுக்கு நாலு வீட்டு நிலவேம்புக் கஷாயத்தையும் நீ முகம் சுளித்துக் குடித்தாய், அதைப் பார்த்து உன் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

என்ன நடந்தது என்று பிறகு மனநல டாக்டரம்மா எனக்கு விளக்கினார். எனக்குப் புரிந்த வழியில் எழுதுகிறேன். நரம்பின் முனையில் செரட்டோனின் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருமாம், வேலை முடிந்ததும் நரம்பே அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். நீ தினமும் போட வேண்டிய மாத்திரை அந்தத் திரும்பும் வழியை அடைக்கிறது. வடிகாலைக் கொஞ்சம் அடைத்தால் வயலில் தண்ணீர் நிற்குமே, அப்படி. உன் சிநேகிதன் கொண்டுவந்தது வேறு ரகம். அது அந்த வழியாகவே உள்ளே புகுந்து, தேக்கி வைத்திருப்பதையெல்லாம் ஒரேயடியாக வெளியே கொட்டவைக்கும். அந்தச் சிரிப்பும் பேச்சும் எல்லாரையும் கட்டிக்கொள்ளத் தோன்றுவதும் பெரும்பாலும் அதனால்தானாம். கொட்டித் தீர்ந்த பிறகு மறுபடி ஊறச் சில நாள் ஆகும், அந்த நாட்களில் மனம் தரையோடு கிடக்கும். நீ சுவரைப் பார்த்துப் படுத்ததில் இதற்கும் பங்கு இருக்கலாம் என்றார். வழியை ஒரு மாத்திரை அடைத்திருந்ததால் மற்றது உள்ளே புக முடியவில்லை, அதனால்தான் உனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியவில்லை என்றுதான் இரண்டையும் மூன்றையும் விழுங்கினாய். நான் முறை வைத்ததில் அந்த வழியும் அரைகுறையாகத்தான் அடைபட்டிருந்தது, மூன்றும் சேர்ந்து உள்ளே புகுந்து கொட்டவைத்துவிட்டன. வெளியே கொட்டியதற்குத் திரும்பப் போக வழியில்லை. மூளையும் உடம்பும் அதில் மூழ்கியதுதான் அந்த அனலும் துடிப்பும்.

செரட்டோனின் என்றால் சந்தோஷச் சாறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்றும் சொன்னார். அது குடலிலும் இருக்கிறதாம், தூக்கத்திலும் பசியிலும் உடம்புச் சூட்டிலும் அதற்கு வேலை இருக்கிறதாம். போதையில் வேறு சரக்குகளும் சேர்ந்து ஆடுகின்றன, எதற்கு எவ்வளவு பங்கு என்று படித்தவர்களுக்கே இன்னும் முழுசாகத் தெரியாது என்றார். முப்பது வருஷம் படித்தவர் தெரியாது என்கிறார். டீக்கடையில் கேட்டதை வைத்துக்கொண்டு நான் தெரியும் என்றேன். அன்றைக்குத்தான் சுண்ணாம்பு மாத்திரைக் கதையை அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. ஒழுங்காகப் போட்டிருந்தால் உங்கள் பிள்ளை தேறியிருக்கலாம், சிநேகிதனைத் தேடியிருக்க மாட்டார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் ஒரு வாய்ப்பு இருந்தது என்றார். அந்த வாய்ப்பை எடுத்தவன் நான். என்னை நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இதையெல்லாம் இப்போது சொல்வது உன்னை அழவைக்க அல்ல. இந்த இரண்டு வருஷம் தினமும் ஒழுங்காகப் போட்டு, நீயாக எழுந்தாய், நீயாக வேலை தேடினாய். இப்போது நீ செய்திருப்பது நான் செய்ததேதான். ஊருக்குப் பயந்து நான் உறையை மறைத்தேன், வரப்போகிற பெண்டாட்டிக்குப் பயந்து நீ அட்டையை மறைக்கப் பார்க்கிறாய். கடையில் உன் தலைக்குள் அடித்த கரண்ட் பசியல்ல. திடீரென்று நிறுத்தினால் அப்படி ஆகும் என்று டாக்டரம்மா ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறார். குறைப்பதாக இருந்தால் அவர் சொல்லும் கணக்கில் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து நீயாகத் தொடங்கவும் வேண்டாம், இன்றைக்கே அவரைக் கூப்பிட்டுக் கேள். இருமல், தலைவலி என்று எந்த மருந்துக் கடையில் நின்றாலும் இந்த மாத்திரை போடுகிறேன் என்று வாய் திறந்து சொல். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவன் சொல்ல வெட்கப்படுவதில்லை.

புதன்கிழமை நானும் உன் மாமாவும் பத்திரிகை வைக்கக் குத்தாலம் போவதாக இருந்தது. அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, சுகன்யா கொண்டுவரும் காப்பியை எப்படி வாங்குவது என்று இதை எழுதும்போதே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படி வாங்க என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது. போன பத்தியை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் இடைவேளை நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். "அம்மா, ஞாயித்துக்கிழமை ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல, அது பொய். என்னன்னு நான் சொல்ல மாட்டேன். அது அவன் சொல்ல வேண்டியது. ஆனா நான் சொன்னது பொய்" என்றேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். பிள்ளைகள் சத்தத்திலிருந்து தள்ளி வந்தாள். பிறகு, "இப்ப அவங்க நல்லா இருக்காங்களா மாமா?" என்றாள்.

எனக்குத் தெரியலம்மா என்றேன். உன்னைப் பற்றி அவளிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் உன்னைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். இந்தக் கல்யாணம் நடக்குமோ நடக்காதோ, அதை அவள் தீர்மானிக்கட்டும். ஊர் பேசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் அம்மாவிடம் எல்லாவற்றையும், சுண்ணாம்பு மாத்திரை உட்பட, இப்போதுதான் சொன்னேன். அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் இந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள். மணி மூன்றேமுக்கால். போனை சைலண்டில் போடாதே, தம்பி. சுகன்யா கூப்பிடும்போது எடு.

அப்பா